கிருமியைப் பட்டினி போட்ட அப்பாவுக்கு

சொன்ன பேச்சு கேக்காத என் செல்ல அப்பாவுக்கு,

நலமான்னு கேக்கப் போறதில்ல. நீங்க போயிருக்கிற இடத்துல இருமல் இல்லன்னு அடக்கத்தன்னைக்கே போதகர் சொல்லிட்டார், எனக்கு அம்புட்டுப் போதும். இப்ப நான் எழுதுறது சண்டை போடுறதுக்கு. உயிரோட இருக்கும்போது சண்டைக்கு வந்தா, "சரிட்டி, நீ சொல்லுததுதான் சரி"ன்னு தலையை ஆட்டிட்டு, பொறவு உங்க இஷ்டத்துக்குத்தான் செய்வீங்க. இப்பவாவது கடைசி வரைக்கும் கேளுங்க.

சீனி மாமாவுக்கும் டிபி வந்துருச்சுப்பா. ராஜபாளையம் மில்லுல உங்க பக்கத்து மிஷினைப் பாத்துக்கிட்டு, ஸ்ரீவில்லிபுத்தூர்லேருந்து தினமும் பஸ்ஸுல வந்து போன அதே சீனி மாமாதான். பதறாதீங்க, உங்களுக்கு இருந்த மாதிரி மருந்துக்கு அடங்காத ரகம் இல்ல. அதனால உங்ககிட்டேயிருந்து ஒட்டினதும் இல்ல. மாத்திரையை ஒழுங்காப் போட்டு, வயிறார சாப்பிட்டா எந்திரிச்சு நடந்துருவாருன்னு டாக்டர் சொல்லியிருக்காங்க. மாத்திரையைப் போடுறாரு. சாப்பாடுதான் சாப்பிட மாட்டேங்காரு.

சாப்பிட மாட்டேங்காருன்னா முழுப் பட்டினி இல்ல. சோறும் ரசமும் உண்டு. முட்டை கிடையாது, பருப்பு கிடையாது, பால் கிடையாது, தயிர் கிடையாது. பால்கோவா கிண்டுற ஊர்ல உக்காந்துக்கிட்டு பால் வேண்டாங்காருன்னு அத்தை போன்ல அழுதாங்க. வெறும் ரசச் சோத்து மேல அத்தனை மாத்திரை விழுந்தா நிக்குமா? வாந்தி. சில நாள் மாத்திரையும் சேந்து வெளிய வந்துருதாம். "நீ படிச்ச புள்ள, நீ வந்து சொன்னாத்தான் கேப்பாரு, ஒரு எட்டு வந்துட்டுப் போ தாயி"ன்னு கூப்பிட்டாங்க.

நான் போனேன். படிச்ச புள்ள போய் என்ன கிழிச்சாங்கிறதைத்தான் சொல்ல வாரேன்.

அதுக்கு முந்தி ஒண்ணு. இந்தக் கடிதத்தை எங்க லேப்ல வருசா வருசம் போடுற மலருக்குக் குடுக்கப் போறேன். கிருமியை வச்சு மாரடிக்கிற ஆளுங்க மட்டும் படிக்கிற மலர் அது. அம்மா கைக்கு வராது. அம்மாவுக்குப் பைபிளும் சபையில குடுக்கிற தியானப் புத்தகமும் போதும். யார் வேணும்னாலும் இதைப் படிக்கட்டும், அம்மா மட்டும் படிக்கக் கூடாது. ஏன்னு போகப் போகத் தெரியும்.

ஞாபகம் இருக்காப்பா, மதுரையிலிருந்து நான் ஓடி வந்த அந்தச் சனிக்கிழமை? ஈஸ்டருக்கு முந்தின நோன்பு, லெந்து நாட்கள், அப்பதான் ஆரம்பிச்சிருந்தது. நீங்க கட்டில்ல சாஞ்சு, தலையணையை மடிச்சு முதுகுக்குக் குடுத்து உக்காந்திருந்தீங்க. கன்னம் ஒட்டிப் போயிருந்தாலும் வாய் மட்டும் குறையல. "என்னட்டி, உன் கிருமி எப்படி இருக்கு? என் கிருமி நல்லா இருக்கு"ன்னு கேட்டீங்க. நான் செருப்பைக் கூடக் கழட்டாம போனை நீட்டினேன். அதுல ரெண்டு தட்டோட படம். ஒண்ணுல ரவை தெளிச்ச மாதிரி வெள்ளை வெள்ளையாப் புள்ளி. இன்னொண்ணு சுத்தமா வெறும் தட்டு.

நீங்க அந்த வெறும் தட்டைக் காட்டி, "இதுல என்ன இருக்கு, ஒண்ணத்தையும் காணோம்?"னு கேட்டீங்க. "ஒண்ணும் இல்லைங்கிறதுதான் விசயம்"னு நான் குதிச்சேன். ரெண்டு வருசமா அந்த ஒண்ணுமில்லாததுக்காகத்தான் நாயா அலைஞ்சேன்.

நான் மல்லுக்கட்டுறது டிபி கிருமியோட சொந்தக்காரக் கிருமி ஒண்ணுகூட. நோய் தராத அப்பாவி. அதுக்குள்ள ஒரு என்சைம் இருக்கு. வேலின், லூசின், ஐசோலூசின்னு மூணு சத்து, அது மூணையும் கிருமி தானே செஞ்சுக்கிறதுக்கு இந்த என்சைம்தான் கைகொடுக்கும். அந்த என்சைம் ரெண்டு துண்டு. பெரிய துண்டு வேலை பாக்கும். சின்னத் துண்டு தன் கையால ஒரு வேலையும் பாக்காது. பெருசு மேல ஒட்டிக்கிட்டு, சரக்கு சேந்துருச்சான்னு பாத்துக்கிட்டே இருக்கும். சேந்துருச்சுன்னா போதும் நிறுத்துன்னு பெருசை அமத்திரும். ரெண்டு துண்டுக்கும் ரெண்டு ஜீன், பக்கத்துப் பக்கத்துல. அந்தச் சின்னத் துண்டோட ஜீன்தான் எனக்குச் சோறு போடுற வேலை.

இதை உங்ககிட்ட சொன்னதும் ஒரே வார்த்தையில முடிச்சீங்க. "அப்ப அது மேஸ்திரி."

"அப்படித்தான்ப்பா."

"வேலை செய்யாது, நிப்பாட்ட மட்டும் சொல்லும். அதைத் தூக்கிட்டா மில்லு ஜம்முனு ஓடுமே. இதுக்கா உன்னைப் படிக்க வச்சேன்?"

"இல்லப்பா, அங்கதான் வேடிக்கை. சின்னத் துண்டை எடுத்துட்டா பெருசும் படுத்துருது. அது ஒட்டிக்கிட்டு நின்னாத்தான் பெருசு ஒழுங்கா வேலை பாக்குது."

நீங்க மூஞ்சியைச் சுளிச்சீங்க. ஆயுசு பூரா மேஸ்திரிகளோட சண்டை போட்ட மனுசன், யூனியன்ல முன்னால நின்ன ஆளு. "அப்ப மேஸ்திரி வேணும்னு சொல்லுத. உன் பேருக்கு முன்னால என் பேரை வச்சதே தப்பு"ன்னீங்க. அம்மா அடுப்படியிலிருந்து சிரிச்சது எனக்கு இன்னும் கேக்குது. அந்தச் சிரிப்பை அதுக்குப் பொறவு நான் கேக்கல.

அந்தச் சின்னத் துண்டோட ஜீனை வெட்டி எடுத்துட்டேன்னு சொன்னேன். வெட்டின கிருமிக்கு அந்த மூணு சத்தையும் நாமளே தட்டுல ஊத்தினா, புள்ளி புள்ளியா வளருது. ஊத்தாட்டா வளராது, பசியில சும்மா கெடக்குதுன்னு சொன்னேன். நீங்க வெறும் தட்டையே பாத்துக்கிட்டு இருந்தீங்க. "அந்த மூணும் எதுல இருக்கு?"ன்னு கேட்டீங்க. நான் பட்டுனு சொன்னேன். முட்டையில இருக்குப்பா, பருப்புல, பால்ல, கறியில.

நீங்க தலையை ஆட்டினீங்க. நான் போய்க் கை கால் கழுவினேன். அம்புட்டுதான் நடந்தது. அந்தத் தலையாட்டல்ல என்ன இருந்துச்சுன்னு அப்ப நான் திரும்பிப் பாக்கல. யாருதான் பாத்திருப்பா?

மறுநாள்லேருந்து நீங்க முட்டையை விட்டுட்டீங்க.

அம்மாவுக்கு வந்த சந்தோசத்தைக் கேக்கணுமே. லெந்துன்னா மத்தவிய கறி மீனை ஒதுக்கும்போது, சால்னா வாடை எங்க வருதுன்னு மோப்பம் பிடிச்சுப் போற ஆளு நீங்க. கல்யாணமான நாளா அம்மா கெஞ்சியும் ஒரு லெந்து கூட நீங்க ஒழுங்கா அனுசரிச்சது இல்ல. அந்த வருசம் தானா முட்டை வேண்டாம்னீங்க. பால் வேண்டாம்னீங்க. பருப்பு கூட வேண்டாம்னீங்க. அம்மா அதைச் சபையில சாட்சியாவே சொன்னா. சுகவீனத்துல எங்க வீட்டுக்காரவிய கர்த்தர் பக்கம் திரும்பிட்டாவன்னு எந்திரிச்சு நின்னு அழுதா. நானும் பக்கத்துல உக்காந்து ஆமென் சொன்னேன்.

ஈஸ்டர் வந்துச்சு. அம்மா ஆசையா முட்டைக் குழம்பு வச்சா. நீங்க தட்டைத் தள்ளி வச்சுட்டு, பொருத்தனை பண்ணியிருக்கேன், நோய் தீருற வரைக்கும் தொட மாட்டேன்னீங்க. பொருத்தனைன்னு ஒருத்தர் சொல்லிட்டா எங்க வீட்டுல அதுக்கு மேல யாரு பேசுவா? கடவுளுக்குக் குடுத்த வாக்கு ஆச்சே. டாக்டர் கேட்டதுக்கெல்லாம், "நல்லாச் சாப்பிடுதேன் சார், தினமும் முட்டை"ன்னு கூசாமப் பொய் சொன்னீங்க. அம்மாவும் வாயை மூடிக்கிட்டா, உங்க வாக்கைக் காட்டிக் குடுத்துரக் கூடாதேன்னு. எடை பாக்குற மிஷின் மட்டும்தான் உண்மையைச் சொல்லுச்சு. டாக்டர், இந்த ரகம் அப்படித்தான் ஆளை உருக்கிரும்னாங்க. நாங்களும் நம்பினோம். உருகித்தான் போனீங்க. கடைசியில உங்களைத் தூக்கி உக்கார வைக்க என் ஒரு கை போதுமா இருந்துச்சு.

பொருத்தனைன்னுதான்ப்பா நானும் நெனச்சேன், போன வாரம் வரைக்கும்.

போன வாரம் ஸ்ரீவில்லிபுத்தூர் பஸ் ஸ்டாண்டுல இறங்கி, வெயில்ல நடந்து சீனி மாமா வீட்டுக்குப் போனேன். மாமா உள்ரூம்ல ஜன்னலைத் திறந்து வச்சு, மூஞ்சியில துணியைக் கட்டிக்கிட்டு உக்காந்திருந்தாரு. உங்க நினைப்பு வந்துருச்சு, அதே ஒட்டின கன்னம். என்னைப் பாத்ததும், "வா தாயி, தள்ளி உக்காரு"ன்னாரு. அத்தை ஒரு தட்டுல சோறு, பருப்பு, அவிச்ச முட்டை கொண்டாந்து வச்சாங்க. அவரு சோத்தை மட்டும் ஓரமா இழுத்துக்கிட்டாரு.

நான் என் டாக்டர் தோரணையில ஆரம்பிச்சேன். டிபிக்காரங்களுக்குச் சத்து வேணும் மாமா, முட்டை திங்கணும், பருப்பு திங்கணும், பால் குடிக்கணும், இல்லாட்டா மாத்திரை தாங்காதுன்னு.

மாமா என்னைப் பாத்துச் சிரிச்சாரு. "ஏட்டி, என்கிட்டயே சோதிக்கியா? நீ கண்டுபிடிச்சதைத்தானே நான் செய்யுதேன்."

"நான் என்னத்தக் கண்டுபிடிச்சேன்?"

"முட்டையும் பருப்பும் பாலும் போகாட்டா கிருமி பட்டினியில கெடக்கும்னு. உங்கப்பன் சொன்னானே. படம் காட்டினான், வெறும் தட்டு. என் மக வேலை, வெளிய சொல்லாத, இன்னும் பதிவாகலன்னான். உங்கம்மாகிட்டக் கூடச் சொல்லல, சொன்னா திங்கச் சொல்லி உசுரை எடுப்பா, அதான் பொருத்தனைன்னு சொல்லி வச்சிருக்கேன்னு சிரிச்சான்."

அவரு அதோட நிறுத்தல அப்பா.

"நான் வாரா வாரம் பால்கோவா வாங்கிட்டு உங்கப்பனைப் பாக்க வருவேன்ல. தொட மாட்டான். நீயே தின்னுட்டுப் போலே, என் கிருமிக்கு நான் குடுக்க மாட்டேன்பான். நான் திரும்பி வாற பஸ்ஸுல தின்னுக்கிட்டே வருவேன். அவன் கிருமிக்குப் போகாததெல்லாம் என் கிருமிக்குப் போயிருச்சு பாத்தியா? அதான் இப்ப விட்டுட்டேன்."

அதைச் சொல்லிட்டு அவரு மறுபடியும் சிரிச்சாரு. நான் எந்திரிச்சுப் போய் அவங்க வீட்டுப் பின்னால தண்ணித் தொட்டி பக்கம் நின்னுக்கிட்டேன். அத்தை வந்து என்னாச்சுன்னு கேட்டாங்க. வெயில்ல வந்தது தலை சுத்துதுன்னேன்.

அப்பா, உங்களை என்ன செய்ய? சொல்லுங்க, என்ன செய்ய உங்களை?

என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கக் கூடாதா? "ஏட்டி, அப்ப நான் முட்டையை விட்டுட்டா என் கிருமியும் பட்டினியில கெடக்குமா?"ன்னு ஒரே ஒரு கேள்வி. அந்தக் கேள்வியை எங்க காலேஜ்ல யாராவது கேட்டிருந்தா, நல்லா யோசிக்கிறீங்கன்னு பாராட்டியிருப்பேன். பாராட்டிட்டு, தப்புன்னு விளக்கியிருப்பேன்.

உங்க நெஞ்சுக்குள்ள இருந்த கிருமியில அந்த ஜீனை யாருப்பா வெட்டினா? நான் வெட்டினது மதுரையில, குப்பியில இருந்த அந்த அப்பாவிக் கிருமியில. உங்க கிருமிக்குப் பெரிய துண்டும் இருந்துச்சு, உங்க மேஸ்திரியும் இருந்தாரு, ரெண்டும் முழுசா. அது தனக்கு வேண்டிய மூணையும் தானே செஞ்சுக்கிட்டு ராஜா மாதிரி இருந்துச்சு. அதுக்கு உங்க முட்டை தேவையே இல்ல. அந்த மூணையும் செஞ்சுக்கத் தெரியாதது மனுச உடம்புதான்ப்பா. நமக்குத்தான் அந்த ஜீன் கிடையாது. நமக்குத்தான் வாய் வழியா வந்தாகணும். அந்த வெறும் தட்டுல பசியில கெடந்தது உங்க கிருமி இல்ல, நீங்க.

பாடம் நடத்துற மாதிரி எழுதிட்டேன், மன்னிச்சிருங்க. வேற மாதிரி சொல்லத் தெரியல.

தண்ணித் தொட்டிகிட்டேயிருந்து திரும்பி வந்து, இதையெல்லாம் மாமாகிட்டயும் சொன்னேன். மெதுவா, சத்தம் போடாம. அவரு கவனமாக் கேட்டாரு. பொறவு, "அப்ப உங்கப்பன் சும்மாவா பட்டினி கெடந்தான்?"னு கேட்டாரு.

நான் தட்டுல இருந்த முட்டையைப் பாத்தேன்.

"சொல்லு தாயி. எனக்கு எதுரே உக்காந்து, பசியில வயித்தைப் பிடிச்சுக்கிட்டு, இன்னும் கொஞ்ச நாள்லே சீனி, கிருமி தளந்துரும்னான். அது பூராவும் சும்மாவா?"

ஆமான்னு சொன்னா அந்த மனுசன் உடைஞ்சு போவாரு. இல்லன்னு சொன்னா முட்டையைத் தொட மாட்டாரு. "அப்பா தப்பாப் புரிஞ்சுக்கிட்டாரு மாமா"ன்னு மட்டும் முனங்கினேன். அவருக்கு வந்துச்சே கோவம். "என் மச்சானைத் தப்புன்னு சொல்லாத. எட்டு மிஷின் சத்தத்துல எந்த மிஷின்ல நூல் அத்துச்சுன்னு நின்ன இடத்துலேருந்து சொல்லுவான் அவன். அவனுக்கா புரியாது?"ன்னு மூஞ்சியைத் திருப்பிக்கிட்டாரு. "நான்தான் தப்பாச் சொல்லிட்டேன் மாமா, தப்பு என்னுது"ன்னும் சொல்லிப் பாத்தேன். "உங்கப்பன் மகளா இருந்துக்கிட்டு நீ தப்பாச் சொல்லுவியா? போ, போய் வேலையப் பாரு"ன்னுட்டாரு. என்னையும் உங்களையும் அம்புட்டு நம்புறாரு. அந்த நம்பிக்கைதான் அவரைக் கொல்லுது. நான் என்ன செய்ய முடியும்?

தட்டுல முட்டை அப்படியே இருந்துச்சு. நான் பஸ் ஏறி வந்துட்டேன்.

அந்த வாரம் பூரா லேப்ல ஒரு வேலை ஓடல. எதிர்ல அதே தட்டுங்க. எங்க கைடு, என்ன உன் டெல்டா கிருமி, அதான் ஜீன் வெட்டின கிருமி, வளரலையான்னு கேட்டாங்க. வளராதது நல்லதுதானே, அதைத்தானே பேப்பர்ல எழுதப் போறோம்னாங்க. ஆமா மேடம்னேன். நீங்க உங்க போன்ல முகப்புப் படமா அந்த வெறும் தட்டைத்தான் வச்சிருந்தீங்க. யாராவது கேட்டா என் மக வேலைன்னு மட்டும் சொல்லுவீங்க. பெருமையில வச்சிருக்கீங்கன்னு நான் நெனச்சேன். தினமும் பசிக்கும்போது எடுத்துப் பாத்துக்கிட்டீங்களாப்பா?

இப்ப நேத்து நடந்ததைச் சொல்லுதேன்.

மாமாவுக்குச் சுகமில்லன்னு அம்மாவுக்கும் எப்படியோ தெரிஞ்சு போச்சு. ஞாயித்துக்கிழமை ஆராதனை முடிஞ்சதும் நானும் வாரேன்னு நின்னா. நான் என்னென்னவோ சொல்லித் தடுத்தேன். கூட்டமா இருக்கும்மா, உனக்கு ஒட்டிக்கிட்டா என்ன செய்யன்னு. "உங்கப்பாவைப் பாக்க வாரம் தவறாம வந்த மனுசன். நான் போகாம இருந்தா நல்லா இருக்குமா?"ன்னு கேட்டா. முட்டை அவிச்சு டிபன் டப்பாவுல எடுத்துக்கிட்டா. மூஞ்சிக்கு நான் குடுத்த மாஸ்க்கைக் கட்டிக்கிட்டா. பஸ்ஸுல அம்மா வாயில ஸ்தோத்திரம் ஓடிக்கிட்டே இருந்துச்சு. மாமா வாயைத் திறந்து உங்க ரகசியத்தைச் சொல்லிட்டா? பொருத்தனைங்கிற ஒரு கம்பைப் பிடிச்சுக்கிட்டுத்தான் அம்மா இன்னைக்கும் நடமாடுறா.

மாமா அம்மாவைப் பாத்ததும் எந்திரிக்கப் பாத்தாரு. "உக்காருங்க அண்ணே"ன்னு அம்மா எதிர்ல உக்காந்து, பேசிக்கிட்டே முட்டையை உரிச்சா. ரெண்டாப் பிளந்து, உப்பும் மிளகும் தூவி, அவரு கையில வைக்கப் போனா. மாமா கையை இழுத்துக்கிட்டாரு.

"வேண்டாம் தங்கச்சி."

"ஏன் அண்ணே?"

"வேண்டாம்."

"நீங்களும் எதுவும் பொருத்தனையா? உங்க பெருமாளுக்கு நேந்திருக்கீங்களா?"

"அதெல்லாம் இல்ல தங்கச்சி."

"பின்ன ஏன் திங்க மாட்டேங்கிய? எங்க வீட்டுக்காரவிய கடவுளுக்குச் சொன்ன வாக்குக்காக விட்டாவ. அதுல குறுக்க நிக்க எனக்கு வாய் இல்லாமப் போச்சு. உங்களுக்கு என்ன வந்துச்சு? காரணத்தைச் சொல்லுங்க, நான் எடுத்துட்டுப் போயிருதேன்."

அம்மா உரிச்ச முட்டையை நீட்டின கையை மடக்கவே இல்ல. மாமா வாயைத் திறந்தாரு. நான் கதவுகிட்ட நின்னுக்கிட்டு இருந்தேன். என்னால ஒண்ணும் செய்ய முடியல அப்பா, கும்பிடக் கூட முடியல, அம்மா பாத்துருவாளேன்னு. மாமா என்னை ஒரு தடவை பாத்தாரு. அம்மாவைப் பாத்தாரு.

"ஒரு காரணமும் இல்ல தங்கச்சி. வாய்க்குப் பிடிக்கல, அதான்"னு சொல்லிட்டு, பாதி முட்டையை வாங்கி வாயில போட்டாரு.

மஞ்சக்கரு தொண்டையில அடைச்சு இருமினாரு. நான் ஓடிப் போய்த் தண்ணி குடுத்தேன். குடிச்சுட்டு மிச்சப் பாதியையும் தின்னாரு. கண்ணுல தண்ணி ஒழுகுச்சு. மிளகு காரம் தங்கச்சின்னாரு. அத்தை அடுப்படி வாசல்ல நின்னு முந்தானையை வாயில வச்சு அமுத்திக்கிட்டாங்க. மாமா இன்னொரு முட்டையையும் வாங்கித் தின்னாரு. தின்னு முடிச்சுட்டு மெதுவாச் சொன்னாரு, "உங்க வீட்டுக்காரரு பெரிய ஆளு தங்கச்சி. பொருத்தனைன்னா பொருத்தனைதான்."

அவரு புரிஞ்சுக்கிட்டுத் தின்னாரா, உங்களுக்காகத் தின்னாரா, எனக்குத் தெரியல. நாங்க இல்லாத நாள்ல திங்கிறாரா, அதுவும் தெரியல. இன்னைக்குக் காலையில அத்தைக்குப் போன் போட்டேன். பருப்பு ஊத்தினேன், பாதி தின்னாரு, பாதியை வச்சுட்டாருன்னாங்க. பாதின்னா சந்தோசப்படுறதா, பயப்படுறதா?

திரும்பி வரும்போது பஸ்ஸுல அம்மா ஜன்னலோரம் உக்காந்துக்கிட்டா. டப்பாவை மடியில வச்சுக்கிட்டா. பொறவு என் பக்கம் திரும்பாமலே கேட்டா.

"நான் உரிச்சுக் கையில குடுத்ததும் தின்னுட்டாரு பாத்தியா? உங்கப்பாவுக்கும் ஒரு நாள் இப்படி உரிச்சுக் குடுத்துக் காரணம் கேட்டிருந்தா, தின்னிருப்பாவளோ?"

"அது பொருத்தனைம்மா. தின்னிருக்க மாட்டாரு"ன்னேன்.

அம்மா தலையை ஆட்டினா. உங்க பொய்யை நானும் சொல்லிட்டேன் அப்பா. நீங்க அதை விட்டுட்டுப் போயிட்டீங்க, இனி நான்தான் தூக்கிச் சுமக்கணும்.

நீங்க முட்டை தின்னிருந்தா பிழைச்சிருப்பீங்களா? டாக்டர்கிட்டக் கேட்டேன், வேற யாருக்கோ கேக்குற மாதிரி. அந்த ரகத்துக்கு எதையும் உறுதியாச் சொல்ல முடியாது, ஆனா சாப்பாடு இருந்தா இன்னும் கொஞ்சம் தாங்கும்னாங்க. கொஞ்சம்னா எம்புட்டு? ஒரு கிறிஸ்மஸா? நான் பட்டம் வாங்குற வரைக்குமா? என் பேப்பர் வர்ற வரைக்குமா? கேக்கலாம்னு இருந்துச்சு. கேக்கல.

வெட்டின கிருமி இன்னும் வெறும் தட்டுலதான் கெடக்குது. நெஞ்சுக்குள்ள இருக்கிற கிருமியில அந்தத் துண்டை முடக்குற மருந்தா இது மாற எத்தனை பேரோட ஆயுசு ஆகும்னு எனக்கே தெரியாது. மாறாமலே கூடப் போகலாம். இதை உங்ககிட்ட அன்னைக்கே சொல்லணும்னு நெனச்சேன். நீங்க அந்த வெறும் தட்டைப் பாத்த பார்வையில எனக்கு மனசு வரல.

சரி, என் வாக்கைக் கேட்டுக்கோங்க. சீனி மாமா மாத்திரை முடியுற வரைக்கும் ஞாயிறு தோறும் அம்மாவைக் கூட்டிக்கிட்டு முட்டையோட போவேன். அம்மா எதிர்ல அவரு தின்னுதான் ஆகணும். அம்மாகிட்ட நான் சாகுற வரைக்கும் சொல்ல மாட்டேன். இனி என் தட்டுப் படத்தை எந்த நோயாளிக்குக் காட்டினாலும், முதல்ல சாப்பிட்டீங்களான்னு கேட்டுட்டுத்தான் போனை எடுப்பேன். இது என் பொருத்தனை, நிசமான பொருத்தனை.

அங்க யாராவது உங்களுக்கு முட்டை குடுத்தா, வாங்கித் தின்னுருங்கப்பா. நான் தப்பாவே நினைக்க மாட்டேன்.

நீங்க அளவுக்கு மேல நம்பின உங்க மக,
ஜெபா